மூடி மறைப்பதே முதல் ஆபத்து

2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையைக் குறித்து ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. மார்பக அறுவை சிகிச்சைகள், அழகுக்காகச் செய்யப்படுபவை உட்பட, ஏழைப் பெண்களுக்கு அங்கே கட்டணமின்றிச் செய்யப்படும் என்பதே அது. உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத நாட்டில் இது தேவைதானா என்று ஒரு சாரார் கொதித்தனர். வசதி படைத்தவளுக்குக் கிடைப்பது ஏழைக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும், கடன்பட்டுத் தவறான இடங்களுக்கு அவள் போவதைவிட இது மேலன்றோ என்று அன்றைய நலவாழ்வுத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் விடை கூறினார். இந்தச் சொற்போர் வெளிநாட்டு ஊடகங்கள் வரை எட்டியது.

இரு சாராரும் பெரிதும் பேசியது அரசின் பணத்தைப் பற்றித்தான். அறுவை மேசையில் படுக்கப்போகும் பெண் அதற்கு எவ்வாறு ஆயத்தமாகிறாள், யாரிடம் கேட்டுத் தெளிகிறாள், யாரைத் துணைக்கு அழைத்துச் செல்கிறாள் என்ற கேள்விகள் ஓரத்திலேயே நின்றன. அவற்றை நாம் இங்கே நடுவில் வைக்க விரும்புகிறோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நமக்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகருக்குப் பத்து கிலோமீட்டர் அளவே தூரம். அங்கிருந்து மூன்று நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சென்னை வந்துவிடும். ‘மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், மாதத் தவணையில் பணம் கட்டலாம்’ என்னும் விளம்பரமோ எந்தப் பேருந்துக்கும் காத்திராமல் சங்கராபரணி ஆற்றங்கரை வீட்டுக்குள்ளும், பாகூர் ஏரிப் பாசனத்து வயல் வரப்பிலும் கைப்பேசி வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது.

நாம் சொல்ல வருவது ஒன்றே. வயது வந்த ஒரு பெண் இவ்வறுவையை நாடும்போது அவளுக்கு நேரும் முதல் ஆபத்து கத்தியால் வருவதன்று. நம் சமுதாயம் அவள்மீது சுமத்தும் இரகசியத்தால் வருவது. ‘வெட்கங்கெட்டவள்’ என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி அவள் எல்லாவற்றையும் மறைக்கிறாள். மறைப்பவளால் நன்றாக ஆயத்தமாக முடியாது. ஆயத்தமின்றி ஏற்கும் அறுவையே பெருங்கேடாக முடிகிறது.

கேலி செய்த வாய்களே கண்டிக்கும் வாய்கள்

இந்த ஆசை ஒரு பெண்ணின் உள்ளத்தில் எங்கிருந்து முளைக்கிறது என்று கேட்போர் பலர். திரைப்படத்தைக் கைகாட்டுவர், மேலை நாட்டு நாகரிகத்தைப் பழிப்பர். இவற்றுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் முதல் விதையை ஊன்றுவது பெரும்பாலும் நம் வீட்டுத் திண்ணைதான். பள்ளி செல்லும் சிறுமியின் உடலைப் பார்த்து, ‘என்னடி, பலகை மாதிரி இருக்கிறாய்?’ என்று கேட்பவள் அவளுடைய அத்தை. பெண் பார்க்க வந்துபோன பின், ‘பெண் நல்ல பெண்தான், ஆனால் உடம்பு இல்லையே’ என்று தரகரிடம் சொல்லியனுப்புவது மாப்பிள்ளை வீடு. பிள்ளை பெற்றுப் பாலூட்டித் தளர்ந்த மனைவியின் உடலை நண்பர்கள் நடுவில் நகைச்சுவையாக்குபவன் அவளுடைய கணவன். பத்து ஆண்டுகள் இப்படிச் சொற்களால் அறுத்துவிட்டு, பதினோராம் ஆண்டில் அவள் மருத்துவரின் கத்தியை நாடினால் மட்டும், ‘கடவுள் தந்த உடம்பைக் கெடுக்கிறாளே’ என்று கண்ணீர் வடிப்பது எவ்வகை நேர்மை?

பழந்தமிழர் இவ்வளவு கூசியவர்கள் அல்லர். சிலப்பதிகாரத்துக் கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். காப்பியத்தில் உரக்கச் சொல்லக்கூடிய உறுப்பின் பெயரை மருத்துவரிடம் சொல்ல நாணித் தலைகுனிந்து நிற்கும் நிலைக்கு அதே மரபில் வந்த பெண்ணை ஆளாக்கிவிட்டோம் என்றால், இந்த நாணத்தைப் பண்பாடு என்று எப்படி அழைப்பது?

விவிலியமும் இங்கு வாய் மூடிக்கொள்ளவில்லை. இனிமைமிகு பாடலின் கடைசி அதிகாரத்தில் சகோதரர்கள் கூடித் தங்கள் தங்கையின் மார்பு இன்னும் வளரவில்லையே, அவளைப் பெண் கேட்டு வரும் நாளில் என்ன செய்வது என்று கவலைப்படுகிறார்கள். மதில், கதவு என்று திட்டங்கள் போடுகிறார்கள். அங்கே முடிவுரை சொல்வது அந்தச் சகோதரர்கள் அல்லர். தன் உடலைப் பற்றி அப்பெண்ணே நிமிர்ந்து நின்று பேசுகிறாள். அண்ணன்மார் கூடிப் பேசும் பேச்சு இன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. தங்கை பேசும் பகுதியை மட்டும் நாம் படிப்பதில்லை.

பாவமா என்று கேட்போருக்கு

‘இது பாவமல்லவா?’ என்று கேட்டு உரையாடலை அங்கேயே முடித்துவிடுவோர் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், தாம் இறப்பதற்கு ஐந்து நாள்களுக்கு முன், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களின் மாநாட்டினருக்கு உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே, ஆனால் மிக உயர்ந்த நன்மை அன்று என்ற அளவில் நின்று, அழகுக்கான அறுவையை அதன் நோக்கத்தையும் சூழலையும் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று அவர் காட்டினார். ஒட்டுமொத்தமாக அதைத் தீயது என்று அவர் தள்ளவில்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு திருத்தந்தை இவ்வளவு நிதானத்துடன் பேசியிருக்க, நம் தெருமுனைத் தீர்ப்பாளர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்?

2015-ஆம் ஆண்டில் வத்திக்கானின் பண்பாட்டு அவை வெளியிட்ட பெண்கள் பற்றிய ஓர் ஆவணம் பிளாஸ்டிக் அறுவையைச் சதையால் ஆன முகத்திரைக்கு ஒப்பிட்ட கூற்று ஒன்றை எடுத்தாண்டது. அதற்கு அன்றே எதிர்ப்பு எழுந்தது. சந்தை பெண்ணுடலை ஒரே அச்சில் வார்க்கிறது என்னும் எச்சரிக்கையை நாமும் ஏற்கிறோம். ஆனால் அறுவையை நாடிய ஒவ்வொரு பெண்ணையும் முகமூடி அணிந்தவளாகக் காண்பதை ஏற்க மாட்டோம். இரு மார்பும் இரு வேறு அளவில் வளர்ந்ததால் பதினைந்து வயதிலிருந்து குனிந்தே நடந்தவள் ஒருத்தி. புற்றுநோய்க்கு ஒரு மார்பை இழந்தவள் ஒருத்தி. தாய்மைக்குப் பின் தன் உடல் தனக்கே அந்நியமானதாக உணர்பவள் ஒருத்தி. வெறும் விளம்பர மயக்கத்தில் போகிறவளும் ஒருத்தி இருக்கலாம். நால்வருக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது நீதியாகாது. நால்வருக்கும் பொதுவாகத் தேவைப்படுவது உண்மை. அதைச் சொல்பவர் யார்?

சந்தை சொல்லாத உண்மைகள்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையில் சிலிக்கான் உறை ஒன்று, உள்ளே சிலிக்கான் கூழோ உப்புநீரோ நிரப்பப்பட்டு, மார்பகத் திசுவின் அடியிலோ மார்புத் தசையின் அடியிலோ வைக்கப்படுகிறது. மருத்துவர்கள் இதனை ‘இம்ப்ளாண்ட்’ என்பர். சிலிக்கான் கூழ் இம்ப்ளாண்ட் முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது 1962-இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். அறுபது ஆண்டுகளைக் கடந்த அனுபவம் மருத்துவ உலகுக்கு இருக்கிறது. அந்த அனுபவம் கற்றுத் தந்தவற்றுள் விளம்பரம் விட்டுவிடும் பகுதியே நமக்கு முக்கியம்.

முதலாவது, இம்ப்ளாண்ட் ஆயுட்காலத்துக்கானது அன்று. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களுள் ஐவரில் ஒருவருக்குப் பத்தாண்டுகளுக்குள் அதை அகற்ற வேண்டி வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் கூறியது. சுற்றிலும் உடல் தானே உருவாக்கும் தழும்புத் திசு இறுகி, மார்பைக் கல்லாக்கி வலியைத் தரலாம். உறை கிழியலாம். அப்படிக் கிழிந்ததை வெளியிலிருந்து அறிய முடியாமலும் போகலாம். ஆகவே, முதல் அறுவைக்குப் பணம் சேர்ப்பவள் இரண்டாம் அறுவைக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மாதத் தவணை பேசும் முகவர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

இரண்டாவது, அரிதாக ஒருவகைப் புற்றுநோய் இம்ப்ளாண்டைச் சூழ்ந்த திசுவில் தோன்றுவதுண்டு. இது மார்பகப் புற்றுநோய் அன்று. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த நிணநீர்ப் புற்று. சொரசொரப்பான மேற்பரப்புள்ள உறைகளோடு இது பெரிதும் தொடர்புடையது என்று தெரிந்தபின், 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனம் தன் அவ்வகை உறைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பல ஆண்டுகளுக்குப் பின் திடீரென மார்பு வீங்குவது இதன் முக்கிய அறிகுறி. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் ‘எனக்குள் இம்ப்ளாண்ட் இருக்கிறது’ என்று மருத்துவரிடம் சொல்ல வாய் வராதவளுக்கு அதை யார் கண்டுபிடிப்பது?

மூன்றாவது, காம்பின் உணர்ச்சி மாறலாம், குறையலாம். காம்பைச் சுற்றிக் கீறும் முறையில் பின்னாளில் பாலூட்டுவது பாதிக்கப்படலாம். மார்பகப் புற்றுநோய்க்கான மாம்மோகிராம் படத்தில் இம்ப்ளாண்ட் சில பகுதிகளை மறைக்கும். அதனால் படம் எடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூடுதல் கோணங்களில் எடுத்தாக வேண்டும்.

2021 அக்டோபரில் அந்த அமெரிக்க நிர்வாகம் ஒரு நிபந்தனை விதித்தது. இந்த ஆபத்துகளை எல்லாம் பட்டியலிட்ட தாளை நோயாளி படித்து, கேள்வி கேட்டு, கையொப்பமிட வாய்ப்பளிக்கும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே நிறுவனங்கள் இம்ப்ளாண்ட்டை விற்கலாம் என்பது அந்நிபந்தனை. நம் ஊர்ப் பெண்ணுக்கு அத்தகைய தாள் தமிழில் கிடைக்க வேண்டாமா? கிடைக்காதபோது, அவளுடன் அமர்ந்து அக்கேள்விகளைத் தொகுக்க ஒருவரேனும் வேண்டாமா?

பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் வாழும் புதுச்சேரிக்குப் பிரான்சு நாட்டில் நடந்த ஒரு கொடுமை பாடமாக வேண்டும். அந்நாட்டின் ‘பிப்’ என்னும் நிறுவனம் மருத்துவத்துக்குரிய சிலிக்கானை விட்டுவிட்டு, மலிவான தொழிற்சாலைச் சிலிக்கானை உறைகளில் நிரப்பி விற்றது 2010-இல் வெளிப்பட்டது. அதன் உறைகள் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ மூன்று இலட்சம் பெண்களின் உடலுக்குள் போயிருந்தன. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு பெண்களுக்கு அறிவுறுத்தி, அச்செலவை ஏற்றது. நிறுவனத்தின் தலைவர் 2013-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்தச் செய்தியைக் கேட்ட ஒவ்வொரு பெண்ணும் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, ‘எனக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் உறை?’ என்பதே. காகிதம் வைத்திருந்தவளுக்கு அன்றே விடை கிடைத்திருக்கும். வீட்டார் கண்ணில் பட்டுவிடுமே என்று காகிதத்தைக் கிழித்தெறிந்தவள் என்ன செய்வாள்?

இரகசியம் உடலுக்குச் செய்யும் தீங்கு

‘வெளிப்படையாகப் பேசினால் எல்லாரும் போய்ச் செய்துகொள்வார்கள், பேசாதிருப்பதே நல்லது’ என்பது நம்மிடம் கூறப்படும் மற்றொரு வாதம். மேலே சொன்னவற்றைப் படித்தபின் ஒருத்தி போவதா வேண்டாமா என்று இருமுறை எண்ணுவாளா, அல்லது துள்ளிக் குதித்து ஓடுவாளா? உண்மை யாரையும் மயக்குவதில்லை. மயக்குவது அரைகுறைச் செய்தி. மௌனம் அறுவையைத் தடுப்பதில்லை, அறிவுரையைத்தான் தடுக்கிறது.

அம்மௌனத்தின் விளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வீட்டில் கேட்க முடியாததால் பணம் கந்துவட்டிக்கோ, நகையை அடகு வைத்தோ திரட்டப்படும். கடன் அவசரப்படுத்தும், அவசரம் மலிவான இடத்தைத் தேடும். ‘தோழி வீட்டுத் திருமணம்’ என்று பொய் சொல்லிப் போகிறவள் துணையின்றிப் போவாள். முழு மயக்க மருந்தின் பின் அவளை வீட்டுக்கு அழைத்துவர யாரும் இரார். வீடு திரும்பிய மறுநாளே குடம் தூக்குவாள், மாட்டுக்குப் புல்கட்டு சுமப்பாள், துணி துவைப்பாள்; ஓய்வெடுத்தால் காரணம் சொல்ல வேண்டி வருமே! பளுவான வேலைகளைச் சில வாரங்கள் விலக்க வேண்டிய உடல் அது. காய்ச்சல் கண்டால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவாள். மார்பு சிவந்து வீங்கினாலும் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். தையல் விட்டுச் சீழ் வைத்த பின்னரே மருத்துவமனை வாசலை மிதிப்பாள். ஆண்டுகள் பல சென்றபின், புற்றுநோய்ச் சோதனை முகாமில் செவிலியர் கேட்கும்போதும், ‘முன்பு அறுவை ஏதும் இல்லை’ என்றே சொல்வாள். இவற்றுள் எது கத்தி செய்த தீங்கு? எது நாக்குகள் செய்த தீங்கு?

அழகுக்காகவோ பருமன் குறைக்கவோ செய்யும் அறுவை ‘சிறியது’ என்னும் எண்ணமும் இந்த இரகசியத்தின் உடன்பிறப்பே. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர், உடல் எடை குறைப்பதற்கான அறுவைக்குச் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று உயிரிழந்தார். அந்த அறுவை வேறு, இது வேறு. ஆயினும் நோயில்லாத அவசரத்துக்காக எந்த மேசையிலும் ஏறுமுன், மயக்க மருந்து எனும் பெரிய வாசலைக் கடக்கிறோம் என்ற உணர்வு வேண்டும். அது விளையாட்டு வாசல் அன்று.

ஆயத்தம் என்பது யாது?

ஆயத்தம் என்றால் பணமும் விடுப்பும் என்றே பலர் எண்ணுகின்றனர். பணம் கடைசியில் வர வேண்டியது. முதலில் வர வேண்டியது உள்ளத்தின் ஆயத்தம். இது யாருக்காக என்று அப்பெண் தன்னைத் தானே கேட்கட்டும். கணவன் வேறு பெண்ணை நாடாதிருக்க என்றோ, நின்றுபோன வரன் திரும்பி வர என்றோ விடை வந்தால், அங்கே நிற்கட்டும். எந்தச் சிலிக்கான் பையும் ஒரு மனிதனின் குணத்தை மாற்றியதில்லை. தனக்காக என்று தெளிவான விடை வந்தால் மேலே செல்லட்டும். உடல் வளர்ச்சி முடியாத வயதில் இது கூடாது. அமெரிக்காவில் அழகுக்காக உப்புநீர் உறை வைக்கப் பதினெட்டும், சிலிக்கான் கூழ் உறை வைக்க இருபத்திரண்டும் நிறைந்திருக்க வேண்டும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் கூடாது. பால் மறக்கச் செய்து சில மாதங்கள் கடந்தாக வேண்டும்.

அடுத்து உடலின் ஆயத்தம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. நடவு வயலிலும் தொழிற்பேட்டையிலும் உழைத்து, எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் நம் பெண்களுக்கு இரத்தச் சோதனை முதற்படியாகட்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். மார்பில் கட்டி ஏதுமில்லை என்று வயதுக்கேற்ற சோதனையால் உறுதி செய்ய வேண்டும். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை முதற்சொல்லாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் சில நாட்டு மருந்துகளும் இரத்தக் கசிவை மிகுவிக்கும். ஆகவே உட்கொள்ளும் அனைத்தையும், வெட்கமின்றி, மருத்துவரிடம் ஒப்புவிக்க வேண்டும். இச்சோதனைகளுக்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கோரிமேட்டு ஜிப்மர் உண்டு. பாகூர் கொம்யூனுக்குள்ளேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

பின்னர் கேள்விகளின் ஆயத்தம். கத்தி பிடிப்பவர் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா? மயக்க மருந்து கொடுப்பவர் அதற்கென்றே படித்தவரா? அவசரச் சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா? எந்த நிறுவனத்தின் எவ்வகை உறை? அதன் வரிசை எண் எழுதிய அட்டை கையில் தரப்படுமா? பின்னாளில் அகற்ற வேண்டி வந்தால் செலவு எவ்வளவு? இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும் அந்தப் படியை இறங்கிவிடுவதே அறிவுடைமை.

பணத்தின் ஆயத்தத்தில் இரு செய்திகள். அழகுக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்திய சீரமைப்புக்கே அங்கு இடம் உண்டு. மற்றது, கத்தியே வேண்டாம், பூசினால் போதும், விழுங்கினால் போதும் என்று விற்கப்படும் களிம்பும் எண்ணெயும் மாத்திரையும். மார்பகத்தின் வடிவத்தையும் அமைப்பையும் மாற்றுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் முதுமை எய்திவிட்டது. விளம்பரம் மட்டும் இளமையோடு திரிகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனிதரின் ஆயத்தம் வேண்டும். தாயோ தமக்கையோ தோழியோ கணவனோ, உண்மை முழுவதும் அறிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். உடன் இருப்பவர் துணையாகவே இருக்கட்டும், அதிகாரியாக வேண்டாம். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இங்கே நினைக்கத்தக்கது. சோதனைக்காக மட்டும் மயக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலைப் பெற்று மருத்துவர் அகற்றிவிட்டார். வயது வந்த, தெளிந்த அறிவுடைய பெண்ணுக்குப் பதிலாகத் தாயின் ஒப்புதல் செல்லாது என்றும், போதிய செய்திகளைச் சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்றும் நீதிமன்றம் கூறிற்று. ஆம் என்பதும் அவளுடையது, வேண்டாம் என்பதும் அவளுடையது. இரண்டையும் அறிந்து சொல்லும் வாய்ப்பை அவளுக்குத் தருவதே நம் கடன்.

ஆகத்தாவின் பிள்ளைகள்

பிப்ரவரி 5-ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித ஆகத்தா, சிசிலித் தீவின் கத்தானியா நகரில் மறைசாட்சியானவர். கொடியோர் அவருடைய மார்பகங்களை அறுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. மார்பக நோயுற்றோரின் பாதுகாவலியாகத் திருச்சபை அவரைப் போற்றுகிறது. மார்பகத்தின் பெயரால் ஒரு புனிதையை வேண்டும் திருச்சபையின் பிள்ளைகள் அந்த உறுப்பைப் பற்றிப் பேசக் கூசுவதில் பொருள் உண்டா?

இந்தக் கூச்சத்தின் மிகக் கொடிய பலியாள் அழகுக்காக அறுவையை நாடுபவள் கூட அல்லள். புற்றுநோய்க்கு மார்பை இழந்தவள். ‘உயிர் பிழைத்தாயே, இந்த வயதில் இனி உனக்கு மார்பு எதற்கு?’ என்று அவளிடம் கேட்கும் உறவினர்கள் உண்டு. ரவிக்கையின் ஒரு பக்கத்தில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் அமரும் சகோதரிக்கு, மார்பகச் சீரமைப்பு என்று ஒன்று உண்டு, அது குறித்துத் தன் மருத்துவரிடம் கேட்கலாம் என்பதை எடுத்துச் சொல்ல எவருமில்லை. அழகு என்ற சொல்லைப் பழித்துப் பழித்து, நலம் என்ற சொல்லையும் அவளுக்கு மறுத்துவிடுகிறோம்.

வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்துக்கு உடல் நலம் வேண்டி வருவோர் எத்தனை பேர்! 1877 முதல் அங்கே வந்து செல்லும் மக்கள் கால் வலியையும் கண் நோயையும் வாய்விட்டுச் சொல்லித்தான் வேண்டுகிறார்கள். நம் அன்பியக் கூட்டங்களிலும் மகளிர் மன்றங்களிலும் ஆண்டில் ஒரு நாள், ஆகத்தாவின் நாளிலேயே ஆகட்டும், ஒரு பெண் மருத்துவரை அழைத்து மார்பக நலம் பற்றிப் பேசச் செய்ய எந்தத் தடையும் இல்லை. கட்டி, புற்று, சோதனை, சீரமைப்பு, பெரிதாக்கும் அறுவை, அதன் ஆபத்து ஆகிய அனைத்தும் அங்கே பேசப்படட்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் மணமகனுக்கு ஒரு வாக்கியம் சொல்லித் தரட்டும்: மனைவியின் உடலை எடைபோடும் உரிமை திருமண அருளடையாளத்தில் உனக்கு வழங்கப்படவில்லை என்று.

அதன் பின்னும் ஒருத்தி அறுவையை நாடினால், அவள் வீட்டுத் தெருவில் நிற்கும் நாம் செய்ய வேண்டியது மிக எளிது. போகும் முன் அவள் கையில் கேள்விகள் எழுதிய தாள் இருக்கட்டும். போகும்போது உடன் ஒருத்தி இருக்கட்டும். வந்தபின் ஆறு வாரம் அவள் குடத்தை வேறொருவர் சுமக்கட்டும். அவளுடைய அட்டை வீட்டுப் பெட்டியில், குடும்ப அட்டைக்குப் பக்கத்தில், ஒளிவின்றி இருக்கட்டும். இவற்றைச் செய்ய இயலாதவர்கள் தீர்ப்புச் சொல்லும் வேலையையும் விட்டுவிடட்டும்.